போட்டோ எடிட்டிங் கைவர வேண்டுமா, முதலில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்

டுடோரியல் பார்ப்பதை ஒரு மாதத்துக்கு நிறுத்திப் பாருங்கள். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் எல்லோரும் கற்றுக்கொண்டது அப்படித்தான், நானும்தான். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் என்ன ஆகிறதென்றால், ஐம்பது டூல் தெரியும், நூறு டிரிக் தெரியும், ஒரு படத்தைத் திறந்து முன்னால் வைத்தால் மட்டும் எங்கே கைவைப்பது என்று தெரியாது. கான்ட்ராஸ்டை ஏற்றுவோம், இறக்குவோம், ஒரு ப்ரீசெட் (முன்பே சேமித்து வைத்த அமைப்புகளின் தொகுப்பு) போடுவோம், பிடிக்காமல் எடுப்போம், இன்னொன்று போடுவோம். முக்கால் மணி நேரம் போயிருக்கும், படம் தொடங்கிய இடத்தைவிடக் கொஞ்சம் மோசமாக நிற்கும்.

ஒருநாள் என் வேலையை நானே திரையில் பதிவு செய்து ஓட்டிப் பார்த்தேன். பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஸ்லைடரை இழுக்க ஆன நேரம் மிகக் குறைவு, இழுப்பதா வேண்டாமா, இது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தடுமாறியதில்தான் முழு நேரமும் போயிருந்தது. அதற்குப் பிறகு நான் மாற்றியதெல்லாம் ஒன்றுதான்: முடிவெடுக்கிற வேலையையும் மவுஸ் பிடிக்கிற வேலையையும் முடிந்தவரை பிரித்துவிட்டேன். கீழே வருவதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான். போட்டோஷாப், லைட்ரூம் பெயர்கள் அதிகம் வரும், என் பழக்கம் அவற்றில். நீங்கள் கிம்ப், டார்க்டேபிள், ராதெரபி, அஃபினிட்டி என்று எதில் வேலை செய்தாலும் பட்டன் இருக்கும் இடம்தான் மாறும்.

திறந்தவுடன் தொடாதீர்கள்

படம் முழுவதும் திரையில் தெரிகிற அளவுக்குச் சிறிதாக்கிவிட்டு இரண்டு நிமிடம் சும்மா பாருங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: கண் முதலில் எங்கே போகிறது, அது போக வேண்டிய இடமா? நம் கண் வெளிச்சமான இடத்துக்கு, கான்ட்ராஸ்ட் அதிகமுள்ள இடத்துக்கு, கெட்டியான நிறத்துக்கு, மனித முகத்துக்கு ஓடும். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் நிழலில் இருக்கிறது, ஜன்னல் வெளுத்துப் போயிருக்கிறது, இடது மூலையில் யாரோ விட்டுப்போன ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பை. கண் முதலில் ஜன்னலுக்குப் போகும், அப்புறம் பைக்கு, அப்புறம்தான் முகத்துக்கு. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் உங்கள் வேலை, வேறொன்றும் இல்லை.

இதை எழுதியே வையுங்கள். "முகத்துக்கு அரை ஸ்டாப் வெளிச்சம். ஜன்னலை அடக்கு. பையை எடு. மொத்தத்தில் நீலம் கொஞ்சம் தூக்கல்." நாலு வரி போதும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது). போட்டோஷாப்பில் மேலே ஒரு காலி லேயர் (படத்தின் மேல் விரிக்கும் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு அடுக்கு) போட்டு, சிவப்பு பிரஷ்ஷால் வட்டம் போட்டு, படத்தின் மீதே கிறுக்கி வைக்கலாம். அச்சு வேலையில் புரூஃப் தாளில் பேனாவால் குறிப்பார்களே, அதேதான். இந்தப் பட்டியலின் பெரிய உபயோகம் தொடங்குவதில் இல்லை, முடிப்பதில் இருக்கிறது. நாலும் முடிந்துவிட்டால் படம் முடிந்தது. பட்டியல் இல்லாதவருக்குப் படம் ஒருநாளும் முடியாது, "இன்னும் கொஞ்சம்" என்று போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். போட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990-இல் வந்தபோது அதில் லேயரே கிடையாது. லேயர் 1994-இல், மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. பல படிகள் பின்னால் போக உதவும் ஹிஸ்டரி பேனல் 1998 வரை இல்லை, ஒரே ஒரு அன்டூதான். அந்தக் காலத்தில் வேலை செய்தவர்கள் என்ன செய்யப் போகிறோம் என்று தீர்மானித்துவிட்டுத்தான் மவுஸைத் தொட்டிருப்பார்கள், வேறு வழியில்லை. நமக்கு ஐம்பது படி அன்டூ இருக்கிறது, அதனால் ஐம்பது தடவை தடுமாறுகிறோம்.

கழிப்பது தனி வேலை

ஒரு நிகழ்ச்சியில் 800 படம் எடுத்துவிட்டு வந்து முதல் படத்தைத் திறந்து எடிட் செய்யத் தொடங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்தாவது படத்தில் அலுத்துவிடும், நாற்பதாவது படத்தில் இதே காட்சி இன்னும் நன்றாக இருப்பது தெரியவரும்.

கழிக்கும்போது எடிட் செய்யாதீர்கள், ஒரு ஸ்லைடரைக்கூட. லைட்ரூம் கிளாசிக்கில் வேண்டிய படத்துக்கு பி, வேண்டாததற்கு எக்ஸ், குறியை எடுக்க யூ. கேப்ஸ் லாக்கை அழுத்தி வைத்துவிட்டால் குறி வைத்தவுடன் தானாக அடுத்த படத்துக்குப் போய்விடும். முதல் சுற்றில் வேண்டாததை மட்டும் கழியுங்கள்: ஃபோகஸ் போனது, கண் மூடியது, ஆள் பாதி வெட்டுப்பட்டது. இரண்டாம் சுற்றில் வேண்டியதை எடுங்கள். கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஐந்து படம் இருந்தால் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள், அப்போதும் முடிவு வரவில்லையா, எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று அர்த்தம், ஒன்றை எடுத்துக்கொண்டு நகருங்கள். ஐந்து நட்சத்திர முறையை நான் விட்டே பல காலம் ஆகிறது. மூன்று நட்சத்திரத்துக்கும் நான்கு நட்சத்திரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று என்னிடம் கேட்டால் எனக்கே தெரியாது.

வரிசை ஏன் முக்கியம்

என் வரிசை இப்படி: நேராக்கி வெட்டுவது, ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறச் சாய்வைச் சரிசெய்வது), எக்ஸ்போஷர் (மொத்த வெளிச்சம்), கான்ட்ராஸ்ட், அப்புறம் பகுதி பகுதியான திருத்தம், அப்புறம் கறை நீக்குவது போன்ற ரீடச் வேலை, கடைசியாக ஷார்ப்பன். எல்லோரும் இதே வரிசையில் செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை, ஆனால் உங்களுக்கென்று ஒரு வரிசை இருக்க வேண்டும், அதற்குக் காரணமும் இருக்க வேண்டும். முதலில் வெட்டுவது ஏனென்றால், போகப் போகிற மூலையைச் சுத்தம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். எக்ஸ்போஷருக்கு முன் ஒயிட் பேலன்ஸ் ஏனென்றால், அது சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்குகிறது. அதை மாற்றினால் வெளிச்சத்தைப் பற்றி நீங்கள் எடுத்த முடிவும் ஆட்டம் காணும்.

ரா ஃபைலில், அதாவது கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைலில், எடுங்கள் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணமும் இதுதான். ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு 8 பிட், அதாவது 256 படிகள். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். ஒயிட் பேலன்ஸ் ராவில் ஒரு குறிப்பாக மட்டுமே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஜேபெக்கில் அது பிக்சலோடு கலந்துவிட்டது. ஜேபெக்கில் வானத்தை இழுத்து இழுத்துக் கருநீலமாக்கிப் பாருங்கள், பட்டை பட்டையாகக் கோடு விழும், 256 படி போதாமல் போவது கண்ணுக்கே தெரியும்.

ஒயிட் பேலன்ஸ் சரியா என்று சந்தேகம் வந்தால் சாச்சுரேஷனை (நிறத்தின் கெட்டித்தன்மையை) தற்காலிகமாக 100-க்கு ஏற்றுங்கள். படம் கோரமாக இருக்கும், பரவாயில்லை, எந்த நிறம் படம் முழுக்கப் படிந்திருக்கிறது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். அதைச் சரிசெய்துவிட்டு சாச்சுரேஷனைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஐட்ராப்பரால் (நிறத்தைத் தொட்டு எடுக்கும் டூல்) கிளிக் செய்வதாக இருந்தால் சாம்பல் நிற இடத்தில் செய்யுங்கள், வெளுத்துப்போன வெள்ளையில் வேண்டாம், அங்கே நிறத் தகவலே இருக்காது. சாயங்கால வெயிலில் எடுத்த படத்தில் மஞ்சள் இருக்கத்தான் வேண்டும், அதையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு "சரியான ஒயிட் பேலன்ஸ்" என்று மார்தட்டாதீர்கள்.

லைட்ரூமில் வெள்ளை, கறுப்பு ஸ்லைடர்களை ஆல்ட்டை அழுத்திக்கொண்டே இழுங்கள். எந்த இடத்தில் தகவல் தொலைகிறது என்று திரையில் தனியாகக் காட்டும். உலோகத்தில் ஒரு பளபளப்பு, தண்ணீரில் ஒரு மினுக்கு, இவை வெளுத்துப் போனால் போகட்டும். முகத்தில் போகக்கூடாது.

பத்து டூலை அரைகுறையாகப் பழகுவதற்குப் பதில் ஒரு கோட்டை வளைத்து வெளிச்சத்தை மாற்றும் கர்வ்ஸ் ஒன்றை முழுசாகப் பழகலாம் என்பது என் கட்சி. கோடு எங்கே செங்குத்தாக நிற்கிறதோ அந்த வெளிச்ச அளவில் கான்ட்ராஸ்ட் கூடும்; எங்கே படுத்துவிடுகிறதோ அங்கே குறையும். இரண்டு முனையும் அப்படியே இருக்க, ஒரு இடத்தில் செங்குத்தாக்கினால் வேறெங்கோ கோடு படுத்தே தீரும். கான்ட்ராஸ்ட் என்பது கையிலிருக்கும் பணம் மாதிரி, முகத்துக்குச் செலவழித்தால் பின்னணிக்குக் குறையும். இது மண்டையில் ஏறிவிட்டால், "படம் முழுக்க கான்ட்ராஸ்ட் ஏத்து" என்ற ஆசையே போய்விடும். போட்டோஷாப்பில் இன்னொன்று: சாதாரணமாகக் கர்வ்ஸில் கான்ட்ராஸ்டை ஏற்றினால் நிறமும் கூடவே கெட்டியாகும். அது வேண்டாமென்றால் அந்த லேயரின் பிளெண்டிங் மோடை (கீழுள்ளதோடு அது கலக்கும் விதத்தை) லுமினாசிட்டி ஆக்குங்கள்.

திரும்பி வர வழி வைத்துக்கொள்ளுங்கள்

என் மோசமான அனுபவம் ஒன்று. ஒருவருக்கு முகப்படம் ஒன்றை முடித்துக் கொடுத்தேன், நாலு நாள் கழித்து "தோல் ரொம்ப வழவழன்னு இருக்கு, கொஞ்சம் குறைக்க முடியுமா" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் எல்லா லேயரையும் ஒன்றாக்கி, ஜேபெக்காகச் சேமித்து, பிஎஸ்டியை (லேயர்களோடு சேமிக்கும் போட்டோஷாப் ஃபைல்) மூடும்போது "சேமிக்கவா" என்றதற்கு வேண்டாம் என்று அழுத்தியிருந்தேன். முழு வேலையும் மறுபடி முதலிலிருந்து. ஒரு ஸ்லைடரை 60-லிருந்து 35-க்கு இறக்க வேண்டிய வேலை, ஒரு முழு சாயங்காலத்தைத் தின்றது.

அதனால்: நிறமும் வெளிச்சமும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் (கீழுள்ள படத்தைத் தொடாமல் மேலிருந்தே திருத்தும் லேயர்). கறை நீக்குவது காலி லேயரில். ஃபில்டர் போடுவதற்கு முன் லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிக்கொள்ளுங்கள், அப்போது எந்த ஃபில்டரையும் பின்னால் திறந்து அளவை மாற்றலாம். கிம்ப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த வசதி வெகுகாலம் இல்லாமல் இருந்தது, 2025-இல் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டர்களைப் பின்னால் திருத்த முடிகிறது. பழைய பதிப்பிலேயே இருந்தால் மாறிவிடுங்கள்.

லேயர்களின் அடுக்கு வரிசையில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரீடச் லேயர் அடியில், நிறம் திருத்தும் லேயர்கள் அதற்கு மேலே. இதைத் தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும்? நிறத்தை மாற்றிய பிறகு மேலே ஒரு லேயரில் குளோன் செய்கிறீர்கள் (ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் ஒட்டுகிறீர்கள்), அந்த ஒட்டில் மாறிய நிறம் பதிந்துவிடும். நாளை கீழேயுள்ள நிறத்தைக் கொஞ்சம் மாற்றினால் படம் முழுக்க மாறும், ஒட்டுப் போட்ட இடம் மட்டும் பழைய நிறத்தில் தேமல் மாதிரி நிற்கும். அடியிலேயே ஒட்டினாலும், குளோன் ஸ்டாம்ப்பின் சாம்பிள் அமைப்பை "கரண்ட் அண்ட் பிலோ" என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஆல் லேயர்ஸ்" என்று இருந்தால் மேலேயுள்ள திருத்தத்தையும் சேர்த்து எடுத்துவந்து ஒட்டும், அதன் மேல் அந்தத் திருத்தமே இன்னொரு தடவை ஏறும். "குளோன் பண்ணினால் ஏன் வேறு கலரில் வருகிறது" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்களில் பாதிப்பேருக்கு விடை இதுதான்.

லேயருக்குப் பெயர் வையுங்கள், டூலின் பெயரை அல்ல, வேலையின் பெயரை. "கர்வ்ஸ் 4" என்றால் மூன்று வாரம் கழித்து உங்களுக்கே புரியாது. "முகம் வெளிச்சம்" என்றால் புரியும்.

மாஸ்க்: நேரம் செலவிட வேண்டிய ஒரே இடம்

எனக்குத் தெரிந்து, பழகியவர் கைவேலைக்கும் புதியவர் கைவேலைக்கும் வித்தியாசம் தெரிவது மாஸ்க்கில்தான், அதாவது ஒரு லேயர் எங்கே தெரிய வேண்டும் என்று சொல்லும் மறைப்பில்தான். வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும், சாம்பல் பாதி காட்டும், அவ்வளவுதான் இலக்கணம். மீதியெல்லாம் பழக்கம்.

திருத்தத்தைக் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள், பிறகு மாஸ்க்கை கண்ட்ரோல் + ஐ அழுத்திக் கறுப்பாக்கிவிட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் கொண்டுவாருங்கள். பிரஷ்ஷின் ஃப்ளோ 5 முதல் 10 சதவீதம். ஃப்ளோவுக்கும் ஒபாசிட்டிக்கும் என்ன வித்தியாசம் என்பதில் எல்லோருக்கும் ஒரு குழப்பம் உண்டு. ஒபாசிட்டி 20 என்றால் மவுஸை விடாமல் எத்தனை தடவை ஒரே இடத்தில் தேய்த்தாலும் 20-க்கு மேல் ஏறாது. ஃப்ளோ அப்படியில்லை, தேய்க்கத் தேய்க்க ஏறும், பென்சிலால் நிழல் போடுவது மாதிரி. மெதுவாக ஏற்றிக்கொண்டு வருகிற வேலைக்கு ஃப்ளோதான் சரி.

மாஸ்க்கின் விளிம்பு படத்தின் விளிம்போடு ஒத்துப்போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மெத்தென்ற பிரஷ்ஷையே பயன்படுத்தினால் ஆளைச் சுற்றி ஒளிவட்டம் வரும், சாமி படம் மாதிரி. ஃபோகஸில் இருக்கும் தோள்பட்டை விளிம்புக்குக் கூர்மையான மாஸ்க், மங்கலாக இருக்கும் பின்னணிக் கிளைக்கு மங்கலான மாஸ்க். ஒரே மாஸ்க்கில் இரண்டும் வரும், வரத்தான் வேண்டும்.

மாஸ்க்கை அடிக்கடி தனியாகப் பாருங்கள். போட்டோஷாப்பில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் மேல் கிளிக் செய்தால் அதை மட்டும் காட்டும். விட்டுப்போன ஓட்டைகள், தவறி விழுந்த புள்ளிகள் எல்லாம் அப்போதுதான் தெரியும். ஆளைத் தானாகத் தேர்ந்தெடுத்துத் தரும் வசதிகள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன, நான் கட்டாயம் பயன்படுத்துகிறேன். ஆனால் கைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள சந்து, தலைமுடி ஓரம், கண்ணாடி பிரேமின் உட்பக்கம், இந்த மூன்றையும் 100 சதவீதத்தில் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

வெளிச்சத்தை வைத்தே மாஸ்க் எடுப்பது இன்னும் நல்லது. போட்டோஷாப்பில் கண்ட்ரோல் + ஆல்ட் + 2 அழுத்தினால் வெளிச்சமான பகுதிகள் அவற்றின் வெளிச்சத்துக்கு ஏற்ற அளவில் தேர்வாகும், அதோடு ஒரு கர்வ்ஸ் லேயரைப் போட்டால் மாஸ்க் தானாக அமைந்துவிடும், விளிம்பைப் பற்றிக் கவலையே இல்லை. லைட்ரூமில் இதையே ஆளைத் தேர்ந்தெடுத்து, அதோடு லுமினன்ஸ் ரேஞ்சை இன்டர்செக்ட் செய்து பெறலாம்: "அந்த ஆளின் நிழல் பகுதி மட்டும்" என்று துல்லியமாகப் பிடிக்க முடியும்.

டாட்ஜ் அண்ட் பர்ன் (சில இடங்களை வெளிச்சமாக்கி, சில இடங்களை இருட்டாக்குவது) என்பதும் இதே மாஸ்க் வேலைதான். ஏற்றும் கர்வ்ஸ் ஒன்று, இறக்கும் கர்வ்ஸ் ஒன்று, இரண்டுக்கும் கறுப்பு மாஸ்க், மெல்லிய ஃப்ளோவில் வெள்ளை பிரஷ். தோலில் திட்டுத் திட்டாக இருக்கும் வெளிச்ச மேடுபள்ளத்தை இப்படிச் சமன் செய்தால் தோலின் இழை அப்படியே இருக்கும். தோலின் இழையையும் நிறத்தையும் தனித்தனி லேயராகப் பிரிக்கும் ஃப்ரீக்வன்சி செப்பரேஷனைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதையே எல்லாவற்றுக்கும் மருந்தாக எடுக்காதீர்கள். பொம்மைத் தோல் படங்களில் பாதி அதன் உபயம். பரு போகட்டும், இரண்டு வாரத்தில் தானாகவே போயிருக்கும். மச்சத்தையும் தழும்பையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

கை வேகம்

ஷார்ட்கட் பட்டியலை அச்சடித்து ஒட்டி யாரும் கற்றுக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. வாரத்துக்கு மூன்று, அதற்கு மேல் வேண்டாம், அந்த மூன்றுக்கும் அந்த வாரம் முழுக்க மெனுவைத் தொடக்கூடாது. போட்டோஷாப்பில் முதல் மூன்றாக நான் சொல்வது: பிரஷ் அளவுக்குச் சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டும், கறுப்பு வெள்ளையை இடம் மாற்ற எக்ஸ், படத்தை நகர்த்த ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடிப்பது. மாஸ்க் வேலை செய்யும்போது இந்த மூன்றையும் ஒரு மணி நேரத்தில் நூறு தடவை அழுத்துவீர்கள். விண்டோஸில் ஆல்ட்டையும் மவுஸின் வலது பட்டனையும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தால் பிரஷ்ஷின் அளவு மாறும், மேலும் கீழும் இழுத்தால் கடினத்தன்மை மாறும், அது இரண்டாவது வாரத்துக்கு.

ஒரே வேலையை ஒரே மாதிரி பத்து தடவை செய்துவிட்டால் ஆக்‌ஷனாகப் பதிவு செய்யுங்கள். மேலே சொன்ன இரண்டு கர்வ்ஸ் லேயர், கறுப்பு மாஸ்க், பெயர் எல்லாம் எனக்கு ஒரு விசையில் வந்துவிடுகிறது. ப்ரீசெட் செய்யும்போது எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் அதில் சேர்க்காதீர்கள். அவை படத்துக்குப் படம் மாறுபவை, ப்ரீசெட்டில் மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் அதைத் திருத்துவதே தனி வேலையாகிவிடும்.

நிறைய படங்கள் இருந்தால் வெளிச்ச வாரியாகப் பிரியுங்கள். ஒரே அறையில், ஒரே விளக்கில் எடுத்த 40 படங்களில் ஒன்றை மட்டும் ஒழுங்காக முடித்து, லைட்ரூமில் கண்ட்ரோல் + ஷிப்ட் + சி போட்டு அமைப்புகளை எடுத்து மற்ற 39-லும் ஒட்டுங்கள். பிறகு எக்ஸ்போஷரை மட்டும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகலாம். வேகமும் கிடைக்கும், படங்கள் ஒன்றுக்கொன்று ஒத்தும் போகும். தனித்தனியாக எடிட் செய்தால் காலையில் செய்தது ஒரு நிறத்திலும், கண் களைத்தபின் செய்தது வேறு நிறத்திலும் நிற்கும்.

கண்ணை நம்பாதீர்கள், திரையையும்தான்

ஒரு தடவை ராத்திரி உட்கார்ந்து ஒரு தொகுப்பு முழுவதையும் முடித்தேன். எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நீலம் ஏற்றினேன். காலையில் பார்த்தால் அத்தனை பேரும் குளிரில் விறைத்தவர்கள் மாதிரி நீலம் பாரித்து நிற்கிறார்கள். கணினியில் இரவு நேரத்துக்கான நீல ஒளி வடிகட்டி தானாக ஆன் ஆகியிருந்தது. அதை இப்போதே போய் அணைத்துவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்து வேலை செய்பவர்கள்தான் "பிரிண்ட் இருட்டாக வருகிறது" என்று சொல்வார்கள். திரையை அளந்து சரிசெய்யும் காலிப்ரேட்டர் கருவி கிடைத்தால் 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 100 அல்லது 120 கேண்டெலா என்று வையுங்கள். கருவி இல்லையென்றால் வெளிச்சத்தையாவது குறையுங்கள், திரையில் வெயில் விழாத இடத்தில் உட்காருங்கள்.

கண் எதற்கும் பத்து நிமிடத்தில் பழகிவிடும், அதிக சாச்சுரேஷனுக்கும்கூட. அதை ஏமாற்றச் சில வழிகள்: படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், புதுப் படம் மாதிரி தெரியும். ஸ்டாம்ப் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். மேலே ஒரு பிளாக் அண்ட் ஒயிட் லேயரைப் போட்டு ஆன் ஆஃப் செய்யுங்கள், நிறம் போனபின் முகம் பின்னணியோடு கலந்துவிட்டால் வெளிச்ச வேலை இன்னும் பாக்கி. தோல் நிறத்தில் சந்தேகமென்றால் ஐட்ராப்பரை வைத்து எண்ணைப் பாருங்கள்: சாதாரண வெளிச்சத்தில் கன்னத்தில் சிவப்பு அதிகம், பச்சை அதைவிடக் குறைவு, நீலம் எல்லாவற்றிலும் குறைவு என்று இருக்கும். நீலம் பச்சையைத் தாண்டியிருந்தால் ஏதோ கோளாறு.

வெளியே அனுப்பும்போது

இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி என்ற நிற அளவுகோல், யோசிக்கவே வேண்டாம். இதைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபி அல்லது புரோபோட்டோவில் வேலை செய்தீர்கள் என்றால் ஏற்றுமதியில் கட்டாயம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் வண்ண மேலாண்மை இல்லாத ஆப்களில் நிறம் செத்துப்போய்த் தெரியும். திரையில் பார்க்கும் படத்துக்கு 72 டிபிஐயா 300 டிபிஐயா (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்ற சண்டையில் இறங்காதீர்கள், அங்கே பிக்சல் எண்ணிக்கைதான் கணக்கு. அச்சுக்கு மட்டும் அது பொருள் தரும்: 300-இல் 2400 × 3000 பிக்சல் படம் 8 × 10 அங்குலம் வரும். ஷார்ப்பன் செய்வது கடைசி அளவுக்குச் சிறிதாக்கிய பிறகுதான். ஜேபெக்கைத் திறந்து திருத்தித் திரும்பத் திரும்ப ஜேபெக்காகவே சேமிக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். மெசேஜிங் ஆப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

ஃபோல்டர் பெயரில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முதலில் போட்டால் தானாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். லைட்ரூம் கேட்டலாகில் படங்கள் இருக்காது, அவை எங்கே இருக்கின்றன என்ற விலாசமும் நீங்கள் செய்த திருத்தங்களும்தான் இருக்கும். அதனால் ஃபோல்டரை வெளியிலிருந்து நகர்த்தாதீர்கள், கேட்டலாகை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டுப் படங்களும் பத்திரம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில்.

பயிற்சி

டுடோரியல் நிறுத்திய மாதத்தில் என்ன செய்வது? ஒரே ரா ஃபைலை எடுத்து, பத்து நிமிடம் அலாரம் வைத்து முடியுங்கள். மறுநாள் அதே ஃபைல், பழையதைப் பார்க்காமல், மறுபடி பத்து நிமிடம். மூன்றாவது நாளும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் கை எதில் உறுதியாக இருக்கிறது, எதில் ஆடுகிறது என்று தெரியும். மூன்றிலும் ஒன்றுபோல் இருப்பவைதான் உங்கள் ரசனை.

அடுத்தது, உங்களுக்குப் பிடித்த ஒரு படத்தை ஐட்ராப்பரால் துருவுங்கள். அதில் மிகக் கறுப்பான இடம் உண்மையில் 0-வா, 20-ஆ? நிழலில் நீலம் எட்டிப் பார்க்கிறதா, பச்சையா? வெள்ளை 255-ஐத் தொடுகிறதா, 240-இலேயே நின்றுவிடுகிறதா? எண்களை எழுதிக்கொண்டு உங்கள் படத்தில் கர்வ்ஸ் ஒன்றை மட்டும் வைத்து அந்த நிறத்துக்குப் போகப் பாருங்கள். ப்ரீசெட் வாங்கினால் ஒருநாளும் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கும், அந்த நிறம் ஏன் அப்படி இருக்கிறது என்பது.

மாதக் கடைசியில், ஒரு வருடத்துக்கு முன் நீங்கள் செய்த ஒரு பிஎஸ்டியைத் திறங்கள். லேயர்களை மேலிருந்து ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள். எந்த லேயரை அணைத்தால் படம் முன்பைவிட நன்றாக ஆகிறதோ அதைக் குறித்து வையுங்கள். நான் இதுவரை பதினோரு பழைய ஃபைல்களைப் பார்த்துவிட்டேன், ஒன்பதில் குற்றவாளி, நடுத்தர வெளிச்சத்தின் கான்ட்ராஸ்டைத் தூக்கும் கிளாரிட்டி.